மறுசேர்க்கை விழுக்காடு ஒன்றே போதுமா? மருத்துவமனையில் ஆஸ்துமா சிகிச்சையின் தரத்தை அளப்பது குறித்து

கேள்வி: பிப்ரவரி 6

ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோருக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிறதா என்று அறிய ஒரே ஓர் எண் போதும் என்பது என் கருத்து. வீட்டுக்கு அனுப்பப்பட்ட 30 நாள்களுக்குள் எத்தனை பேர் மீண்டும் சேர்க்கப்படுகிறார்கள் என்று பார்த்தால், மற்றவை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். நான் இருக்கும் தரக்குழுவில் அளவுகோல்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகிக்கொண்டே போகின்றன. செவிலியர்கள் நோயாளியைப் பார்க்கும் நேரத்தைப் படிவம் தின்றுவிடுகிறது. இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கைவிட்டால் என்ன இழப்பு?

பிப்ரவரி 6, இரவு

படிவம் அதிகம் என்பதை ஏற்கிறேன். ஓர் எண் போதும் என்பதை ஏற்கவில்லை. கேஸ் ஷீட்டுகளைப் படித்துத் தணிக்கை செய்வது நெடுங்காலமாக என் வேலை. சிறு வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமாவும் உண்டு. படிவத்தின் இரு பக்கங்களிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் வெறும் கணக்கு. ஒரு மருத்துவமனையில் ஆண்டுக்கு 120 பேர் ஆஸ்துமாவுக்காகச் சேர்க்கப்படுகிறார்கள், அவர்களில் பத்தில் ஒருவர் 30 நாள்களுக்குள் திரும்பி வருவது அங்கே இயல்பு என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 12. சிகிச்சையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, தற்செயலின் காரணமாக மட்டும், ஓராண்டில் 6 பேரும் இன்னோர் ஆண்டில் 18 பேரும் திரும்பி வரக்கூடும். முதல் ஆண்டில் பாராட்டு விழாவும் அடுத்த ஆண்டில் விசாரணைக் குழுவும் நடக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுமே இராது. டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் என்ற புள்ளியியலாளர் மருத்துவமனைகளை ஒப்பிடுவதற்குப் புனல் வடிவ வரைபடத்தைப் பயன்படுத்தலாம் என்று 2005இல் எழுதியது இதற்காகத்தான். நோயாளிகள் குறைவாக உள்ள இடத்தில் தற்செயலின் எல்லை அகலமாகவும், அதிகமாக உள்ள இடத்தில் குறுகலாகவும் இருப்பதை அந்தப் படம் கண்ணெதிரே காட்டிவிடும். வரிசைப் பட்டியல் அதை மறைத்துவிடும்.

பிப்ரவரி 7

நேற்று எழுதியது தற்செயலைப் பற்றி மட்டுமே. அதைவிடத் தொல்லையான ஒன்று இருக்கிறது.

அவசரப் பிரிவு நன்றாக வேலை செய்தால் மறுசேர்க்கை விழுக்காடு கூடலாம். விந்தையாகத் தோன்றும், ஆனால் காரணம் எளியது. வந்தவுடன் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் அதன் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டும் கொடுத்துச் சில மணி நேரம் கவனித்தால், நடுத்தர அளவு மூச்சுத்திணறலோடு வந்தவர்களில் பலர் படுக்கைக்கே போகாமல் வீடு திரும்புவார்கள். எஞ்சிச் சேர்க்கப்படுவோர் கடுமையானவர்கள். பலமுறை சேர்ந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவை முன்பே பார்த்தவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள். அவர்கள் மீண்டும் வரும் வாய்ப்பு இயல்பிலேயே அதிகம். சோம்பலான அவசரப் பிரிவோ, ஒரு மணி நேரத்தில் சரியாகியிருக்க வேண்டியவரையும் வார்டுக்கு ஏற்றி அனுப்பிவிடும். அவர் இரண்டு நாள் படுத்துவிட்டுப் போவார், திரும்பி வரமாட்டார், விழுக்காடும் அழகாக இருக்கும்.

ஆகவே சேர்க்கப்பட்டவர்களை மட்டும் வகுக்கும் எண்ணாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஆஸ்துமாவுக்காக வாசலைத் தாண்டி உள்ளே வந்த எல்லாரையும் எண்ண வேண்டும்.

பிப்ரவரி 9

"அப்படியானால் எதை அளப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னவர் அவெடிஸ் டோனபீடியன். அந்தக் கட்டுரை 1966இல் வந்தது. விளைவு நமக்கு ஆசை காட்டுகிறது. ஆனால் ஆஸ்துமாவில் அது மருத்துவமனையின் கையில் பாதிகூட இல்லை. புகை, தூசி, சளிக்காய்ச்சல், மருந்து வாங்கப் பணம் இருக்கிறதா இல்லையா என்பவை எல்லாம் அதற்குள் புகுந்துவிடுகின்றன. செயல்முறை மருத்துவமனையின் கையிலேயே இருக்கிறது. எனவே, விளைவோடு தொடர்பு உண்டு என்று ஏற்கெனவே சோதித்து அறிந்த செயல்முறையை அளப்பதுதான் நியாயம்.

அப்படி ஒன்று உறுதியாக உண்டு: முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2001இல் வெளியிட்ட மீளாய்வு 12 சோதனைகளையும் 863 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால், எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் மருத்துவமனையில் சேர்வது தவிர்க்கப்படுகிறது. இந்த மருந்து வேலை செய்யச் சில மணி நேரம் எடுக்கும் என்பதால்தான் இந்த அவசரம். நெபுலைசர் போட்டதும் மூச்சு கொஞ்சம் இளகும், எல்லாரும் ஆறுதல் அடைவார்கள், ஸ்டீராய்டு மறந்துபோகும், நெபுலைசர் மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சுக்குழாய் வீக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நான் கேஸ் ஷீட்டுகளில் கண்ட தாமதத்துக்கு அறியாமை காரணமாக இருந்தது அரிது. மருத்துவர் எழுதிவிடுவார், ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். விழுங்க முடிகிற நோயாளிக்கு மாத்திரையும் நரம்பு ஊசியும் ஒரே பயன்தான் தருகின்றன. ஓரிடத்தில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மருந்தகத்திலிருந்து எடுத்து, முதலில் நோயாளியைப் பார்க்கும் செவிலியரின் மேசை இழுப்பறையில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களின் எண் மேலே ஏறியது. அதற்கு முன்பு நடத்திய பயிற்சி வகுப்புகள் எதுவும் அவ்வளவு செய்யவில்லை.

ஓர் எச்சரிக்கை. கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வாசலில் நுழைந்த நேரமா, பெயர் பதிந்த நேரமா, மருத்துவர் பார்த்த நேரமா? முடிவது எப்போது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். எழுதிய நேரமா, கொடுத்த நேரமா? மருத்துவர் பார்த்ததிலிருந்து எழுதியது வரை என்று வைத்துக்கொண்டால் உலகில் எல்லா மருத்துவமனைகளும் சிறந்தவையே.

பிப்ரவரி 10

பீக் ஃப்ளோ, அதாவது ஒருவரால் எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்ற அளவு, பற்றிக் கேட்டவருக்கு: ஆம், முதல் மணி நேரத்தில் அதை அளந்தார்களா என்பதும் நல்ல அளவுகோல். ஒரு தணிக்கையில் கருவி இருக்கிறதா என்ற கட்டத்தில் "உண்டு" என்று எழுதியிருந்தார்கள். உண்மைதான், அலமாரியில் பத்திரமாக இருந்தது. சாவி பொறுப்புச் செவிலியரிடம் இருந்தது. அவர் காலை எட்டு மணிக்கு வருவார்.

பிப்ரவரி 10, மாலை

வேடிக்கை போகட்டும். பீக் ஃப்ளோவில் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது. நோயாளியின் சிறந்த அளவில் 33 முதல் 50 விழுக்காடு வரை இருந்தால் கடுமையான தாக்குதல் என்றும், 33க்குக் கீழே உயிருக்கு ஆபத்து என்றும் பிரிட்டன் வழிகாட்டி வகுக்கிறது. ஆனால் மிகக் கடுமையாகத் திணறுபவரால் கருவியில் ஊதவே முடியாது. "அளக்கவில்லை" என்று அவரைத் தோல்விக் கணக்கில் சேர்த்தால், கடும் நோயாளிகளை அதிகமாகப் பார்க்கும் மருத்துவமனை தண்டனை பெறும். "ஊத இயலவில்லை" என்பதற்குத் தனிக் கட்டம் வேண்டும். அந்தக் கட்டம் திறந்துவிட்டால் எல்லாரும் அதில் ஒளிந்துகொள்வார்கள் என்று ஒரு மேலாளர் என்னிடம் வாதிட்டார். அதே கேஸ் ஷீட்டில் ஆக்சிஜன் அளவு 98 என்றும் நோயாளி முழு வாக்கியம் பேசுகிறார் என்றும் இருந்தால் ஒளிந்தவர் அகப்பட்டுவிடுவார் என்றேன்.

பிப்ரவரி 13

இனி இந்தத் துறையில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் அமைப்பு, 2 முதல் 17 வயது வரையுள்ள ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூன்று அளவுகோல்களை வைத்திருந்தது. மூச்சுக்குழாய் விரிக்கும் மருந்து கொடுத்தார்களா, ஸ்டீராய்டு கொடுத்தார்களா, வீட்டில் பின்பற்ற வேண்டிய திட்டத்தை எழுதிக் கொடுத்தார்களா.

30 குழந்தைகள் மருத்துவமனைகளில் 37,267 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2011இல் வெளியானது. முதல் அளவுகோலில் எந்த மருத்துவமனையும் எந்தக் காலாண்டிலும் 97.1 விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை, இரண்டாவதில் 89.5க்குக் கீழே போகவில்லை. எல்லாரும் முதல் வகுப்பில் தேறும் தேர்வை வைத்து யாரை யாரோடு ஒப்பிடுவது? வேறுபாடே இல்லாததால் அவ்விரண்டுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை ஆராயவே முடியவில்லை. மூன்றாவது அளவுகோலில் மட்டும் நல்ல ஏற்றம் தெரிந்தது; 40.6 விழுக்காட்டிலிருந்து 72.9க்கு உயர்ந்தது. ஆனால் அது உயர்ந்ததால் 7 நாளிலோ 30 நாளிலோ 90 நாளிலோ அவசரப் பிரிவுக்கு வருவதும் மீண்டும் சேர்வதும் குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னர் அந்த அளவுகோல்கள் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

இதைப் படித்த பலர், வீட்டுத் திட்டம் எழுதிக் கொடுப்பது வீண் என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அளக்கப்பட்டது தாள். பின்தொடர் சந்திப்பு, தூண்டும் பொருள்கள், திடீர்த் தாக்குதலில் செய்ய வேண்டியது, தாக்குதல் வராமலிருக்க அன்றாடம் எடுக்கும் தடுப்பு மருந்து, திணறும்போது எடுக்கும் நிவாரண மருந்து என்ற ஐந்தும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தாள் கையில் கொடுக்கப்பட்டதாகப் பதிவும் வேண்டும். தாய் அதைப் படித்தாரா, புரிந்துகொண்டாரா, தடுப்பு இன்ஹேலரை வாங்கினாரா என்பதற்குப் படிவத்தில் இடமே இல்லை.

ஓரிடத்தில், வீடு திரும்பிய சிலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லாருடைய கேஸ் ஷீட்டிலும் "இன்ஹேலர் பயன்படுத்தும் முறை கற்பிக்கப்பட்டது" என்று குறி இருந்தது. நீங்கள் எப்படி எடுக்கிறீர்கள், படிப்படியாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒரு பெரியவர் மூடியைக் கழற்றுவதையே சொல்லவில்லை. மறந்து சொல்லாமல் விட்டாரோ என்று திரும்பவும் கேட்டேன். மூடிக்கு வெளியிலிருந்தே வாசனை வருகிறது என்றார். நிவாரண மருந்துள்ள நீலநிற இன்ஹேலர் மட்டும் போதும், தடுப்பு மருந்துள்ள பழுப்பு நிறம் பழக்கமாகிவிடும் என்று வேறொருவர் ஒதுக்கி வைத்திருந்தார். இருவருக்கும் கற்பிக்கப்பட்டதாகத்தான் பதிவு.

பிப்ரவரி 14

நேற்றைய குறிப்பை ஒருவர் செவிலியர்கள் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் சொல்ல வந்தது வேறு. எனக்கே எத்தனையோ முறை இன்ஹேலர் முறை "கற்பிக்கப்பட்டது". ஒவ்வொரு முறையும் நான் தலையாட்டியிருக்கிறேன். நீங்களே செய்து காட்டுங்கள் என்று முதன்முதலாகக் கேட்டவர் ஒரு பயிற்சிச் செவிலியர். மருந்தை அழுத்திய பிறகே மூச்சை இழுக்கத் தொடங்குகிறேன் என்பதை அவர்தான் கண்டார். அழுத்திய மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழல் ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். ஆகவே அளவுகோலின் சொற்களை மாற்றினால் போதும்: "கற்பிக்கப்பட்டது" என்ற இடத்தில் "நோயாளி சரியாகச் செய்து காட்டினார்". இதற்குச் செலவு இல்லை. பொய்க் குறி போடுவதும் கொஞ்சம் கடினமாகும், ஏனென்றால் செய்து காட்டச் சொன்னால் நோயாளிக்கு அது நினைவிருக்கும். பிறகு கேட்டால் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 18

இறப்பை அளக்கலாமே என்று புதிதாக வந்த ஒருவர் கேட்கிறார்.

ஒரு மருத்துவமனைக்குள் ஆஸ்துமாவால் இறப்பது, அதிர்ஷ்டவசமாக, அரிது. அரிதானதை வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயலாம், ஆராய வேண்டும். பிரிட்டனில் அப்படிச் செய்த தேசிய ஆஸ்துமா இறப்பு ஆய்வின் அறிக்கை 2014இல் வெளியானது. ஆஸ்துமாவால் நேர்ந்தவை என்று உறுதி செய்யப்பட்ட 195 இறப்புகளில் 45 விழுக்காட்டினர் மருத்துவ உதவி நாடாமலோ, உதவி கிடைக்கும் முன்போ இறந்திருந்தனர். எழுதிக் கொடுத்த தனிப்பட்ட திட்டம் இருந்ததாகத் தெரிந்தது 23 விழுக்காட்டினருக்கு மட்டுமே. நம் விவாதத்துக்கு மிகவும் பொருந்துவது இன்னோர் எண்: 19 பேர், அதாவது பத்தில் ஒருவர், ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை பெற்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 28 நாள்களுக்குள் இறந்தவர்கள்.

வார்டில் அளக்கப்படும் எந்த எண்ணிலும் இந்த 19 பேர் தோல்வியாகத் தெரிந்திருக்க மாட்டார்கள். நலமாக அனுப்பப்பட்டவர்கள் என்ற கணக்கில் சேர்ந்திருப்பார்கள். அவர்களில் மருத்துவமனைக்குத் திரும்பாமலே இறந்தவர்கள் மறுசேர்க்கைக் கணக்கிலும் வரமாட்டார்கள், ஏனென்றால் வீட்டில் இறந்தவர் மீண்டும் சேர்வதில்லை. கேள்வி எழுப்பிய நண்பர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: அவருடைய ஓர் எண், நடக்கக்கூடியவற்றில் மிகக் கொடிய விளைவை வெற்றியாக எண்ணுகிறது.

பிப்ரவரி 19

அதே அறிக்கையில் பலர் கவனிக்காமல் கடக்கும் ஒரு விவரம்: நிபுணர் குழுக்கள் 276 இறப்புகளை விரிவாகப் பரிசீலித்தே 195ஐ ஆஸ்துமா இறப்பு என்று முடிவு செய்தன. ஆவணங்களை விரித்து வைத்துக்கொண்டு பல மருத்துவர்கள் உட்கார்ந்து பேசியும் இவ்வளவு கழிகிறது என்றால், வீடு அனுப்பும் குறிப்பைப் பார்த்துக் குறியீட்டு எண் இடும் எழுத்தர் என்ன செய்வார்? முதியவரின் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆஸ்துமா என்று பதிவாகிறது. இரண்டு வயதுக் குழந்தையின் வைரஸ் இழுப்பு ஆஸ்துமாவாகிறது அல்லது ஆகாமல் போகிறது. எண் யாரை உள்ளடக்குகிறது என்று தெரியாமல் எண்ணைப் பற்றி வாதிடுவது வீண். நான் எந்தத் தணிக்கையையும் சில கேஸ் ஷீட்டுகளைக் கையால் புரட்டி, இவர்களுக்கு உண்மையிலேயே ஆஸ்துமாவா என்று பார்த்துத்தான் தொடங்குவேன்.

பிப்ரவரி 24

செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்றே எல்லாரும் கேட்கிறோம். செய்யத் தேவையில்லாததைச் செய்தார்களா என்று கேட்பது குறைவு. சாதாரணத் தாக்குதலில் வழக்கமாக எக்ஸ்ரே தேவையில்லை. நோய்த்தொற்றின் அடையாளம் இல்லாதபோது ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆயினும் நான் புரட்டிய கட்டுகளில் ஆன்டிபயாடிக் இல்லாத கேஸ் ஷீட்டு வந்தால் இரண்டாம் முறை பார்த்தேன், பக்கம் ஏதும் தவறிவிட்டதோ என்று.

மார்ச் 2

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்லாந்து 1994இல் தேசிய ஆஸ்துமாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1993இல் ஆஸ்துமாவுக்காக ஏறத்தாழ 1,10,000 நாள்கள் மருத்துவமனைப் படுக்கைகளில் கழிந்தன; 2003இல் அது ஏறத்தாழ 51,000 ஆனது. வேலை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியே நடந்தது. நோயை முன்கூட்டியே கண்டறிந்து தடுப்பு மருந்தை முதலிலேயே தொடங்கினார்கள், அடிப்படைச் சுகாதார நிலையங்களின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள், நோயாளிக்குத் தானே கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். ஆஸ்துமா சேர்க்கை எண்ணிக்கையை ஒரு நாட்டின் அடிப்படைச் சிகிச்சையின் தரத்தைக் காட்டும் குறியாகக் கொள்வதும் இதனால்தான். அதே எண்ணை ஒரு தனி மருத்துவமனையின் தலையில் கட்டினால் பொருந்தாது. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் கீழே வைத்த வாளியைத் திட்டுவது போலாகும்.

எனினும், அதைக் காரணம் காட்டி மருத்துவமனை கைகழுவிவிடவும் முடியாது. வீட்டுக்குப் போனவரை இரண்டு வேலை நாள்களுக்குள் அவருடைய வழக்கமான மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தரநிலை வைத்திருக்கிறது. அந்தச் சந்திப்புக்கு நேரம் குறித்துக் கொடுப்பது மருத்துவமனையால் முடிகிற காரியமே. "சென்று பாருங்கள்" என்று சொல்வதும், இந்த நாள், இந்த மணி என்று எழுதிக் கையில் கொடுப்பதும் ஒன்றாகாது.

மார்ச் 5

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, இவ்வளவு பேசிவிட்டு மீண்டும் நீண்ட பட்டியலைத்தானே கொடுக்கப் போகிறீர்கள் என்கிறார். இல்லை. என்னிடம் விட்டால் நான்கை வைத்துக்கொள்வேன். ஆஸ்துமா என்று உள்ளே வந்த எல்லாரிலும், சேர்க்கப்பட்டாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டாலும், நுழைந்ததிலிருந்து ஸ்டீராய்டு வாய்க்குள் போன நேரம் வரை எத்தனை நிமிடம். வீடு போகும் முன் இன்ஹேலரைச் சரியாகச் செய்து காட்டினாரா. தடுப்பு மருந்து எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல் மருந்தே கையில் இருந்ததா. இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, இரவில் எழாமல் தூங்குகிறீர்களா, நீல இன்ஹேலரை எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் வருகிறது. மறுசேர்க்கை விழுக்காட்டையும் பார்ப்பேன். ஆனால் மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்து, புனல் படத்தில் வைத்து, 30 நாள்களுக்குள் இறந்தவர்களையும் உடன் எண்ணி.

நான்காவது உழைப்பு கேட்கும். எல்லாரையும் அழைக்க ஆள் இல்லையென்றால் குலுக்கல் முறையில் சிலரை அழைக்கலாம். அழைப்பை எடுக்காதவர்களையும் கணக்கில் காட்ட வேண்டும். நலமாக இருப்பவர்கள் எளிதில் பேசுவார்கள்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. இந்த நான்கையும் ஒரே சராசரியாகத் தராதீர்கள். பகலில் வந்தவர்களுக்கும் இரவில் வந்தவர்களுக்கும் தனித்தனியே பிரித்துக் கேளுங்கள். ஆஸ்துமா பின்னிரவிலும் விடியற்காலையிலும் கடுமையாகும் நோய்; மருத்துவமனை ஆள்பலம் குறையும் நேரமும் அதுவே. ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்கள் பகலில் 90 விழுக்காடாகவும் இரவில் 50 விழுக்காடாகவும் இருக்கும் இடத்தில் சராசரியைப் பார்த்தால் எல்லாருக்கும் கொஞ்சம் பயிற்சி தேவை என்றுதான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியர் தேவை என்பது தெரியும். முதலாவதற்கு நிர்வாகம் உடனே கையெழுத்துப் போடும். இரண்டாவதற்கு எண்ணோடு போய் உட்கார வேண்டியிருக்கும்.